மந்தையை நம்பிக் கொடுக்கும் கடன்: மங்கோலியக் குடும்பங்களின் வரவும் செலவும்

மங்கோலியாவில் பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாளில் திறக்கப்படுகின்றன. புல்வெளியில் கூடாரமிட்டுக் கால்நடை மேய்க்கும் குடும்பம், பிள்ளையை வட்டாரத் தலையூருக்கு அழைத்துச் சென்று பள்ளி விடுதியிலோ உறவினர் வீட்டிலோ சேர்க்க வேண்டும். சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம், வண்டிக்கு எரிபொருள் என அந்த ஒரு வாரத்தில் எல்லாவற்றுக்கும் ரொக்கம் தேவைப்படுகிறது. ஆனால் அக்குடும்பத்தின் பெரிய வருமானம் ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளாட்டிலிருந்து சீவி எடுக்கும் கஷ்மீர் ரோமத்தை விற்றுக் கிடைப்பது. செப்டம்பருக்குள் அது கரைந்து போயிருக்கும். அடுத்த வருமானம், குளிர் இறுகும் நவம்பர், டிசம்பரில் ஆடு மாடுகளை அறுத்து இறைச்சியாக விற்கும்போதுதான் வரும். அவசரத்துக்கு முன்கூட்டியே விற்கலாம்தான். ஆனால் கொழுப்பு ஏறி முடியாத ஆட்டுக்கு நல்ல விலை கிடைக்காது.

வரவுக்கு ஆண்டில் இரண்டு பருவம். செலவுக்கோ பன்னிரண்டு மாதம். குறுங்கடன் என்றதும் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியும், சிறிய தொகையை வாங்கித் தொழில் தொடங்கி முன்னேறிய பெண்மணியும் நினைவுக்கு வருவது இயல்பு. மங்கோலியாவில் குறுங்கடனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நாள்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கடன் என்பது இரண்டு பருவங்களுக்கு இடையில் போடப்படும் பாலம். தொழில் முதலீடு அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது.

பிப்ரவரி வாக்கில் வரும் 'சகான் சார்' எனப்படும் சந்திர ஆண்டுப் பிறப்பு இன்னொரு பெருஞ்செலவு. மூத்தோரை வணங்க வரும் சுற்றத்தார் அனைவருக்கும் விருந்து வைத்து, கையில் ஏதேனும் பரிசு கொடுத்து அனுப்ப வேண்டும். இறைச்சி வைத்து ஆவியில் வேகவைக்கும் 'பூஸ்' என்னும் பண்டத்தை நூற்றுக்கணக்கில், பெரிய வீடுகளில் ஆயிரக்கணக்கில் பிடித்து உறைய வைப்பார்கள். தீபாவளிக்கு முன்பணம் கேட்டு நிற்கும் வழக்கம் அறிந்த வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சகான் சாருக்கு முந்திய வாரங்களில் வங்கிகளில் கூட்டம் கூடுவதும், அந்தக் கடனைக் கஷ்மீர் பணம் வந்ததும் அடைப்பதும் அங்கே வாடிக்கையாகிவிட்டன.

வங்கிக்கு முன்பே இருந்து வருவது கடைக்காரரின் கடன் நோட்டு. தலையூரில் உள்ள மளிகைக் கடையில் மாவு, அரிசி, தேயிலை, மெழுகுவத்தி எல்லாம் பெயரெழுதி வாங்கிச் செல்வார்கள். வசந்தத்தில் கஷ்மீர் ரோமமாகவோ, அதை விற்ற பணமாகவோ கணக்கு நேராகும். இங்கே வட்டி என்று தனியாக எழுதப்படுவது அபூர்வம். பொருளின் விலையிலோ, ரோமத்துக்குக் கடைக்காரர் போடும் விலையிலோ அது அடங்கிவிடும்.

நான்கு காலில் நடக்கும் பிணையம்

மலேசியாவில் கடன் கேட்டுப் போனால் நிலம், வீடு, நகை, சம்பளச் சீட்டு ஆகியவற்றில் ஒன்றைக் கேட்பார்கள். மங்கோலிய மேய்ப்பரிடம் இவற்றில் எதுவும் இருக்காது. 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி மேய்ச்சல் நிலம் தனியார் உடைமையாக முடியாது. பல தலைமுறைகளாக ஒரே பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் குடும்பத்துக்கும் அந்தப் புல்வெளி சொந்தமில்லை. 'கெர்' எனப்படும் கம்பளிக் கூடாரத்தை ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலான பொழுதில் பிரித்து மடித்துவிடலாம். ஆகவே கடன் கொடுப்பவர் பிணையமாகப் பார்க்கக்கூடிய ஒரே சொத்து மந்தைதான்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் நாடு முழுவதும் கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என ஐந்து வகையாக வீட்டுக்கு வீடு எண்ணி உள்ளூர் நிர்வாகம் பதிவு செய்கிறது. அந்தப் பதிவைப் பார்த்து, எத்தனை தலை இருக்கிறதோ அதற்கேற்ற தொகையை வங்கி அதிகாரி நிர்ணயிக்கிறார். தவணையும் மாதாமாதம் கட்டுவதாக அமையாமல், கஷ்மீர் பருவத்தையும் இறைச்சிப் பருவத்தையும் ஒட்டி அமைவதுண்டு. மேய்ப்பருக்குக் கடன் கொடுப்பதில் பாதி வெற்றி இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மாதம் தவறாமல் தவணை கட்டச் சொல்லும் வழக்கமான குறுங்கடன் முறையை அப்படியே புல்வெளிக்குக் கொண்டு சென்றிருந்தால் முதல் குளிர்காலத்திலேயே அது முடங்கியிருக்கும்.

இந்தப் பிணையத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிலம் சாகாது, நகை சாகாது, ஆடு சாகும். அதைப் பின்னர் பார்க்கலாம்.

வங்கி வந்த கதை

கடனுக்கும் மங்கோலியர்களுக்கும் உள்ள உறவு கசப்பான வரலாறு கொண்டது. மஞ்சு பேரரசின் ஆட்சிக்காலத்தில் தா ஷெங் குய் போன்ற சீன வணிக நிறுவனங்கள் தேயிலையும் துணியும் கடனாகக் கொடுத்து, கால்நடையாகவும் கம்பளியாகவும் திருப்பி வாங்கின. சிற்றரசர்கள் வாங்கிய கடனும் குடிமக்கள் தலையில் விழுந்தது. 1921 புரட்சிக்குப் பின் வந்த அரசு அந்தக் கடன்களை ரத்து செய்தது. அதன் பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சோவியத் பாணி ஆட்சி. 1950-களின் இறுதிக்குள் கால்நடைகள் கூட்டுறவுப் பண்ணைகளுக்குச் சென்றன. மேய்ப்பர் சம்பளம் வாங்கினார். முதுமையில் ஓய்வூதியம் பெற்றார். பிள்ளைகளின் விடுதிச் செலவை அரசு ஏற்றது. பருவத்துக்குப் பருவம் பாலம் போடும் வேலையை அன்று அரசே செய்தது எனலாம்.

1990-இல் அந்த ஆட்சிமுறை முடிவுக்கு வந்தது. கூட்டுப் பண்ணைகள் கலைக்கப்பட்டு, கால்நடைகள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. தொழிற்சாலைகள் மூடப்பட, நகரத்தில் வேலை இழந்தவர்களும் ஆடு மேய்க்கத் திரும்பினார்கள். மேய்ப்புக் குடும்பங்களின் எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் ஆனது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு தொழிலாயிற்று, சம்பளம் நின்றது, கடன் கொடுக்க ஆளில்லை.

கிராமப்புறத்தில் கிளை வைத்திருந்தது ஒரே ஒரு வங்கிதான். அரசுக்குச் சொந்தமான வேளாண் வங்கி. வாராக்கடனில் மூழ்கிய அது, 1999-இல் மத்திய வங்கியின் பொறுப்பாட்சிக்குள் சென்றது. மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அமெரிக்க உதவி நிறுவனத்தின் நிதியில் அமர்த்தப்பட்ட வெளிநாட்டு நிர்வாகக் குழு ஒன்று 2000-ஆம் ஆண்டு நடுவில் பொறுப்பேற்றது. நட்டத்துக்குக் காரணம் என்று கருதப்பட்ட தொலைதூரக் கிளைகளைத்தான் வங்கியின் பலமாக அந்தக் குழு கண்டது. ஓய்வூதியமும் அரசுச் சம்பளமும் அந்தக் கிளைகள் வழியாகவே போய்ச் சேர்ந்தன. ஓய்வூதியதாரருக்கும், சம்பளக்காரருக்கும், மேய்ப்பருக்கும் தனித்தனிக் கடன் திட்டங்கள் வந்தன. மூன்றே ஆண்டுகளில் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. 2003-இல் ஜப்பானின் எச்.எஸ். செக்யூரிட்டிஸ் நிறுவனம் 6.85 மில்லியன் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது. இன்று கான் வங்கி என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றாக விளங்குவது அதுதான்.

மற்றொன்று காஸ் வங்கி. ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டத்தின் குறுங்கடன் முயற்சியில் பிறந்த நிறுவனமும், கோபி பாலைவனப் பகுதியில் மெர்சி கோர் தொண்டு அமைப்பு தொடங்கிய நிறுவனமும் 2001-இல் ஒன்றாகி வங்கியாயின. நிலப்பரப்பில் மலேசியாவைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் விரிந்து, மூன்றரை மில்லியன் மக்களை மட்டுமே கொண்ட நாடு மங்கோலியா. வீட்டுக்கு வீடு போய்க் கடன் கொடுப்பது அங்கே எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். வட்டி விகிதம் உயர்ந்தே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்பது ஊர்களில் நடந்த ஆய்வு

குறுங்கடன் உண்மையில் ஏழைக் குடும்பத்தின் நிலையை உயர்த்துகிறதா? இந்தக் கேள்விக்குப் புகழ்மாலையும் வசைமாலையும் நிறையவே உண்டு. அளந்து பார்த்த பதில்கள் குறைவு. அத்தகைய பதில்களுள் ஒன்று மங்கோலியாவிலிருந்து கிடைத்தது. மறுசீரமைப்பு, மேம்பாட்டுக்கான ஐரோப்பிய வங்கியைச் சேர்ந்தவர்களும் பிற பொருளியல் அறிஞர்களும் காஸ் வங்கியுடன் இணைந்து 2008-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஐந்து மாநிலங்களில் நாற்பது ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் பதினைந்து ஊர்களில் பெண்களுக்குக் குழுக் கடன், பதினைந்து ஊர்களில் தனிநபர் கடன், மீதிப் பத்து ஊர்களில் ஆய்வுக் காலம் முடியும்வரை அந்தத் திட்டம் இல்லை என ஏற்பாடு. மொத்தம் 1,148 பெண்கள் இதில் இடம்பெற்றனர்.

குழுக் கடன் என்பது கிராமீன் வங்கி புகழ்பெறச் செய்த முறை. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் பொறுப்பு. மலேசியாவில் 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியாவும் கிராமீனைப் பின்பற்றி வந்ததுதான்.

சுமார் ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பிச் சென்று பார்த்தபோது, குழுக் கடன் கிடைத்த ஊர்களில் பெண்கள் சொந்தத் தொழில் நடத்துவது கூடியிருந்தது. வீட்டில் உணவும் மேம்பட்டிருந்தது. ஆனால் குடும்பத்தின் மொத்த வருமானம் கூடியதாகத் தெரியவில்லை. தனிநபர் கடன் கிடைத்த ஊர்களில் குறிப்பிடத்தக்க மாற்றமே காணப்படவில்லை. திருப்பிக் கட்டுவதில் இரு வகையினருக்கும் வேறுபாடு இல்லை. அப்படியானால் குழு என்ன செய்தது? உறவினருக்கும் நண்பருக்கும் கொடுக்கும் பணத்தில் ஆய்வாளர்கள் அதற்கான தடயத்தைக் கண்டார்கள். கூடப் பொறுப்பேற்ற பெண்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போது, கடன் பணத்தைத் தொழிலுக்கு வெளியே செலவிட மனம் தயங்கும் என்பது அவர்களின் விளக்கம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மங்கோலியக் குடும்பம் என்பது ஒரு கூடாரத்தோடு முடிவதில்லை. நகரத்தில் இருக்கும் தங்கைக்கு இறைச்சி போகும். அங்கிருந்து மருந்தும் பணமும் வரும். ஒருவர் பெயரில் வாங்கும் கடன் மூவர் தேவைக்குப் பிரியும். வங்கிக் கணக்கில் 'வீண் செலவு' எனத் தெரிவது அடுத்த குளிர்காலத்துக்கான காப்பாகவும் இருக்கலாம். உறவினருக்குக் கொடுப்பதைக் குறைத்து வென்ற தொழிலை, வெற்றி என்று மட்டுமே எழுதிவிட முடியாது.

தலைநகர் உலான்பாத்தரில் நிலைமை வேறு மாதிரி. நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அங்கேதான் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நகரைச் சுற்றிய குன்றுச் சரிவுகளில், குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் இல்லாத 'கெர்' குடியிருப்புகளில் உள்ளனர். 2003-இல் நடைமுறைக்கு வந்த நிலவுடைமைச் சட்டம் அங்கே ஒரு குடும்பத்துக்கு 700 சதுர மீட்டர் வரை இலவசமாக மனை பெற வழிவகுத்தது. புல்வெளியில் கிடைக்காத நிலப் பத்திரம் இங்கே கைக்கு வந்தது. அதோடு அது பிணையமாகவும் ஆயிற்று. தையல், ரொட்டி சுடுதல், காலணி பழுதுபார்த்தல், வேலியோரத்தில் சிறு மளிகைக் கடை எனத் தொழில்கள் அந்த மனைகளில் முளைத்தன.

நகர வியாபாரத்தின் வேர் 1990-களின் 'கன்சகின் நைமா'வில் இருக்கிறது. சேணத்தில் மூட்டை கட்டும் வாருக்குக் கன்சகா என்று பெயர். சேண வாரில் கட்டிக் கொண்டு செல்ல முடிந்ததை விற்கும் வியாபாரம் என்பது பொருள். ஆசிரியர்கள், பொறியாளர்கள், தாதியர் எனப் பலரும் வேலை இழந்து, ரயிலேறிச் சீன எல்லை நகரமான எரென்ஹோட்டுக்குப் போய்த் துணிமணி வாங்கி வந்து விற்றார்கள். உலான்பாத்தரின் நாரன்தூல் சந்தையில் அப்படித் தொடங்கியவர்கள் ஏராளம். சரக்கு வாங்கப் போகும் முதல் நாள் பணம் வேண்டும். விற்று முடிக்க மூன்று வாரம் ஆகும். இந்த இடைவெளிக்கு வங்கியை விட விரைவாகக் கைகொடுப்பது 'லொம்பார்ட்' எனப்படும் அடகுக் கடை. நகை, கைப்பேசி, கார் என எதையும் வைத்துக் கொள்வார்கள். வட்டியும் அதற்கேற்பக் கடுமை. சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு காலத்தில் பெருகின. ஆனால் 2000-களின் நடுவில் அவற்றுள் பல நொடித்துப்போய், பணம் போட்டவர்கள் தவித்த கதையும் உண்டு. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. 2010-களின் பிற்பகுதியிலிருந்து கைப்பேசிச் செயலி வழியாகச் சில நிமிடங்களில் கடன் கிடைக்கிறது.

கடன் எளிதானதன் மறுபக்கம் ஓய்வூதியக் கடனில் வெளிப்பட்டது. மாதந்தோறும் தவறாமல் வரும் ஓய்வூதியத்தை விடப் பாதுகாப்பான பிணையம் வங்கிக்கு ஏது? அதை வழங்குவதும் வங்கிக் கிளை. தவணையைப் பிடித்துக் கொள்வதும் அதே கிளை. முதியோர் தங்களுக்காக மட்டும் வாங்கவில்லை. பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மகன் வாங்கும் பழைய காருக்கு முன்பணம், சகான் சார் பரிசுகள் எனக் குடும்பத்தில் உறுதியான வருமானம் உள்ளவர் என்ற முறையில் பாட்டி பெயரில் கடன் ஏறியது. பலர் கையில் மாதம் கிடைத்தது பிடித்தம் போன மீதிதான். 2020 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஒருவருக்கு 6 மில்லியன் துக்ரிக் வரையிலான ஓய்வூதியக் கடனைத் தள்ளுபடி செய்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் பயனடைந்தனர். சல்கித் வெள்ளிச் சுரங்கத்தின் வருவாயைக் காட்டி அதற்கு நிதி திரட்டப்பட்டது. கடனே வாங்காமல் சிக்கனமாக இருந்தவர்களுக்கு 1 மில்லியன் துக்ரிக் மதிப்பில் ஈடு தரப்பட்டது. வாங்கியவருக்கு ஆறு, வாங்காதவருக்கு ஒன்றா என்று சிக்கனக்காரர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மந்தை அழிந்தால்

மேய்ப்பருக்கு அத்தகைய மாத வருமானம் இல்லை. அவருடைய பிணையத்தை அழிப்பதற்கென்றே ஒரு பேரிடர் இருக்கிறது. அதற்கு 'ஸுட்' என்று பெயர். கோடையில் புல் போதாமல் மெலிந்த கால்நடைகள், கொடும் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக மடிவதே ஸுட். ஆழப் பனி புல்லை மூடினால் வெள்ளை ஸுட். பனியே விழாமல் குடிக்க நீர் இல்லாது போனால் கறுப்பு ஸுட். உருகிய பனி மீண்டும் உறைந்து தரை பனிக்கட்டியாகிவிட்டால் இரும்பு ஸுட். குளம்பால் கீறியும் புல்லை எட்ட முடியாது.

1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து வந்த குளிர்காலங்களில் சுமார் 11 மில்லியன் கால்நடைகள் இறந்தன. 2009-2010 குளிர்காலத்தில் 8 மில்லியனுக்கும் மேல். அதற்கு முன்புதான் உலகப் பொருளாதார நெருக்கடியில் கஷ்மீர் விலை விழுந்து, பழைய கடனை அடைக்க முடியாமல் புதுக்கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் பல. 2023-2024 குளிர்காலத்தில் மீண்டும் 7 மில்லியனுக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. ஆடு செத்தாலும் கடன் சாவதில்லை. ஐந்நூறு தலையைக் காட்டி வாங்கிய கடன், ஐம்பது தலை மிஞ்சிய பிறகும் ஐந்நூறுக்கான கடனாகவே நிற்கும். அந்த ஐம்பதையும் விற்றுக் கடனை அடைப்பவர்கள் கூடாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு உலான்பாத்தரின் குன்றுச் சரிவுக்குப் போகிறார்கள்.

இதற்கு மாற்றாக 2006-இல் உலக வங்கியின் உதவியோடு ஒரு காப்பீட்டுத் திட்டம் மூன்று மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. இறந்த ஆடுகளை வீடு வீடாகப் போய் எண்ணுவது அந்த நாட்டில் ஆகாத காரியம்; ஏமாற்றவும் இடம் தரும். எனவே வட்டாரம் முழுவதிலும் எத்தனை விழுக்காடு கால்நடை இறந்தது என்று பார்க்கிறார்கள். அது 6 விழுக்காட்டைத் தாண்டினால், காப்பீடு எடுத்த எல்லோருக்கும் தொகை உண்டு. நன்றாகப் பாதுகாத்துத் தன் மந்தையைக் காப்பாற்றியவருக்கும் பணம் கிடைக்கும் என்பதால், கால்நடையைக் கவனிப்பதில் யாருக்கும் ஊக்கம் குறையாது. மிகப் பெரிய அழிவில் ஏற்படும் இழப்பை அரசு ஏற்கும். காப்பீடு உள்ள மேய்ப்பருக்குச் சில வங்கிகள் வட்டியைக் குறைத்தும் கொடுத்தன. குறை என்னவென்றால், ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் புயல் அடித்து ஒரு குடும்பம் எல்லாவற்றையும் இழந்து, வட்டாரக் கணக்கு 6 விழுக்காட்டை எட்டாவிட்டால், அக்குடும்பத்துக்கு ஒரு துக்ரிக்கும் வராது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தலையை எண்ணிக் கடன் கொடுத்தால், தலைகள் பெருகும். கஷ்மீர்தான் தவணையைக் கட்டும் என்றால், வெள்ளாடு பெருகும். 1990-இல் சுமார் 26 மில்லியனாக இருந்த கால்நடைகள், 2022 கணக்கெடுப்பில் 71 மில்லியன் ஆயின. புல்வெளி அதே அளவுதான். வெள்ளாடோ புல்லை அடியோடு கொறிப்பது. கடன் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. சந்தையும், கூட்டுப் பண்ணைகளோடு மறைந்துபோன மேய்ச்சல் ஒழுங்கும், கோடை வறட்சியும் உண்டு. ஆனால் ஐம்பது ஆடுகளை விற்று மந்தையைக் குறைக்க நினைக்கும் குடும்பம், அடுத்த செப்டம்பரில் தனக்குக் கிடைக்கும் கடன் தொகையும் குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக் கொண்டுதான் முடிவு செய்கிறது. பெரும்பாலும் அந்த ஐம்பது ஆடுகளும் மந்தையிலேயே இருந்துவிடுகின்றன. மெலிந்த புல்லைத் தின்று மெலிந்த உடலோடு அவையும் அடுத்த குளிர்காலத்துக்குள் நுழைகின்றன.